சாயந்தரம் மட்டும் திரும்புகிற பஸ்

எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் பாண்டிமீனா அக்கா முதலில் செருப்புகளைத்தான் பார்ப்பார். ஆட்களைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். உள்ளேயிருந்து "வாங்க வாங்க" என்று குரல் வந்துகொண்டிருக்கும். இவர் தலையைக் குனிந்தபடி நின்றிருப்பார். படியை ஒட்டிக் கிடப்பவை, முருங்கை மரத்தடியில் கிடப்பவை, இன்னும் தள்ளித் தெருவோரத்தில், எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயார் என்பதுபோல வாசலுக்கு முதுகைக் காட்டிக் கிடப்பவை. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து முடித்த பிறகு, ஆகக் கடைசியாகக் கிடக்கும் சோடியின் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி, குனிந்து கையால் சேர்த்து வைப்பார். அங்கிருந்து வெறுங்காலோடு வெயிலில் நடந்து படியேறுவார்.

எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். பிரின்சிபால் அறைக்குள் அட்டெண்டர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள், ஆசிரியர்கள் போட்டுக்கொண்டே போவோம். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. ஒருநாள் அக்காவின் நீலப் பட்டைச் செருப்பு அட்டெண்டர்களின் செருப்புகளோடு வெளியே கிடந்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் என் காலை நானே குனிந்து பார்த்தேன்.

நான் தமிழ்த் துறை, அவர் சமூகவியல். இருவருமே கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில் மட்டும்தான் என்பதால் இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே அறையைக் கொடுத்திருந்தார்கள். நான் அதிகம் பேசமாட்டேன். மேசையடியில் ஏதாவதொரு கவிதைத் தொகுப்பைப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பேன். அக்கா பேசிக்கொண்டே இருப்பார். நான் கேட்கிறேனா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அலங்காநல்லூருக்கு வடக்கே வாகைப்பட்டிதான் அவருடைய ஊர். அந்த ஊரின் உண்மையான பெயர் அதுவல்ல. அவர் பெயரும் பாண்டிமீனா இல்லை. அப்பா காசிமாயன் நெல்லும் கரும்பும் போடுகிற சம்சாரி, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். மகளை முனைவர் பட்டம்வரை படிக்க வைத்தார். மகள் போய்ப் படித்த படிப்பு என்னவென்று யாராவது கேட்டால், "ஊரு எப்படி இருக்குங்கிறதுதான் படிப்பாம். அதுக்கு ஊர்லயே இருந்திருக்கலாம்" என்பாராம். அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

படித்ததோடு விட்டிருந்தால் வம்பு இல்லை. அக்கா எதைப் பற்றி ஆய்வு செய்கிறாரோ அதைப் போய்க் கையோடு மாற்றவும் பார்ப்பார். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிக் கட்டுரை எழுதினால், கட்டுரை அச்சாவதற்குள் கலெக்டர் அலுவலகத்தில் பாதைக்கான மனு இருக்கும். துறைத்தலைவருக்கு இது பிடிக்காது. ஒருமுறை எங்கள் அறை வாசலிலேயே நின்று சொன்னார்.

"ஆராய்ச்சி பண்ணுங்க மேடம், இல்ல போராட்டம் பண்ணுங்க. ரெண்டையும் சேத்துப் பண்ணா ரெண்டுமே உருப்படாது."

"கிணத்து மோட்டார் ஏன் ஓடலைனு கழட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சவன், அப்படியே மூடி வச்சிட்டு வீட்டுக்கு வருவானா சார்?"

"அவன் மெக்கானிக் மேடம்."

"நானும் அப்படி ஆயிட்டுப் போறேன் சார்."

அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்து, "உன் கவிதைல இருந்து ஒரு வார்த்தையாவது எனக்குச் சப்போர்ட்டுக்கு வந்துச்சா?" என்றார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

வாகைப்பட்டி பஸ்ஸில் அவர் கைவைத்தது அழகம்மாளால்தான்.

ஊர்ப் பொதுத்திடலான மந்தையிலிருந்து, வாய்க்கால் பாலம் தாண்டி, நடந்தால் கால் கடுக்கிற தூரத்தில் காலனி இருக்கிறது. அழகம்மாள் அங்கே மல்லிகைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். ஐம்பதைத் தாண்டியவர். பூவைப் பறித்து, முதல் பஸ்ஸைப் பிடித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெயில் ஏறினால் பூ விரிந்துவிடும், விலை இறங்கிவிடும். அந்த முதல் பஸ், இரவு மந்தையிலேயே தங்கி, விடியுமுன் மந்தையிலிருந்தே கிளம்பும். காலனிக்கு வராது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மந்தைக்கு நடந்தே வரவேண்டும். வந்து, மாட்டுத்தாவணிவரை நின்றுகொண்டே போகவேண்டும்.

அழகம்மாளின் மூட்டு தேய்ந்துவிட்டது. நடையையும் நிற்பதையும் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "எப்படித் தாயி குறைக்கிறது? இந்தச் சீசனோட தோட்டத்தை விட்டுற வேண்டியதுதான்" என்று அவர் அக்காவிடம் சொன்னார். தோட்டத்தை விட்டால் அப்புறம் அடுத்தவர் காட்டில் பூப்பறிக்கப் போக வேண்டும். பஸ் காலனிக்கு வந்தால் தோட்டம் இருக்கும், இல்லையென்றால் இல்லை.

காலனிக்காரர்கள் முன்பே மனுக் கொடுத்திருந்தார்கள். அங்கே பஸ்ஸைத் திருப்ப இடமில்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. இடம் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் அப்படிச் சொன்னது ஊர்ப் பெரியவர்கள். அந்தப் பெரியவர்களில் காசிமாயனும் ஒருவர்.

அக்கா ஊரில் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பதிவு செய்துகொண்டு வந்தார். ஒலிப்பதிவுகளை அறையில் ஓடவிடுவார். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "அந்த வேத்துமையெல்லாம் இங்க கிடையாதும்மா. தாயா புள்ளையாத்தான் பழகுறோம்." குரல் மாறும், வாசகம் மாறாது. பொய் சொல்கிற குரல்களாகவும் அவை தெரியவில்லை. நன்றாகக் காய்ச்சிய பாலைக் கொடுத்து உபசரித்துக்கொண்டே சொன்ன குரல்கள். அக்கா அதற்கு அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"சரி பெரிம்மா. காலனி அழகம்மாளை நீங்க என்ன முறை வச்சுக் கூப்பிடுவீங்க?"

பதிவில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கும்.

"அவளையா? பேர் சொல்லித்தான்."

"உங்க பேரன்?"

"அவனும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். பேர் எதுக்குத்தா வச்சிருக்கு?"

பார்க்கிற எல்லோரையும் அண்ணே, அத்தை, மாப்ள என்று கூப்பிடுகிற ஊர் அது. டிராக்டர் ரிப்பேர் பார்க்க வருகிற வெளியூர்க்காரன்கூட இறங்கியதும் மாப்ள ஆகிவிடுவான். தாயும் பிள்ளையுமாகப் பழகுகிற ஊரில் அழகம்மாளுக்கு மட்டும் ஒரு முறை கிடைக்கவில்லை. அக்கா எழுதிய கட்டுரையின் முதல் பகுதி இதைப் பற்றியதுதான். நான் படித்தவரையில் நல்ல கவிதைகள் செய்கிற வேலையை அந்தக் கேள்வி செய்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது பகுதிக்குப் பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அக்கா ஏறினால் ஊரே மரியாதையாகிவிடும். அதனால் என்னைப் போகச் சொன்னார்.

"நீதான் சரி தம்பி. நீ இருக்கிறது இருக்கிற இடத்துக்கே தெரியாது."

"யாருன்னு கேட்டா?"

"கவிதை படிக்கிற ஆளுன்னு சொல்லு. அதுக்கு மேல யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டாங்க."

அலங்காநல்லூரில் ஒரு நண்பன் அறையில் தங்கி, விடியற்காலையில் அவன் பைக்கில் போய் மந்தையில் இறங்கினேன். பஸ் உள்விளக்கோடு நின்றிருந்தது. ஊர்ப் பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் வரப்போகும் நாத்தனாருக்கும் மதினிக்கும் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாலத்துப் பக்கமிருந்து கூடைகள் வந்தன. இருட்டில் முதலில் வாசனைதான் வந்தது. காலனிப் பெண்கள் ஏறினார்கள். பின்னால் இருக்கைகள் காலியாக இருந்தன, முன்னாலும் பாதி காலியாகத்தான் இருந்தன. யாரும் உட்காரவில்லை. யாரும் அவர்களை உட்காராதே என்று சொல்லவும் இல்லை.

"எடம் கெடக்குல்ல, உக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ண்ணே. கூடை நசுங்கிரும்" என்றார் அழகம்மாள். கூடை அவர் காலடியில் இருந்தது. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் முட்டியையும் பிடித்திருந்தார். அலங்காநல்லூரில் வெளியூர் ஆட்கள் ஏறி, அந்தக் காலி இடங்களிலெல்லாம் பளிச்சென்று உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை இதை அக்காவிடம் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு சொன்னார்:

"இப்ப யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, பாத்தியா? ஊர்க்காரங்க முதல்ல ஏறுறாங்க, உக்கார்றாங்க. காலனிக்காரங்க அப்புறம் ஏறுறாங்க, நிக்கிறாங்க. அதுபாட்டுக்கு நடக்குது. பஸ் காலனியில இருந்து கிளம்புச்சுன்னா அழகம்மாக்கா மந்தைக்கு வரும்போதே உக்காந்திருக்கும். அப்ப எந்திரின்னு வாய்விட்டுச் சொல்லணும். எங்க ஊர்ல யாருக்கும் அதைச் சொல்ற தைரியம் கிடையாது. நல்லவங்க தம்பி. அதுதான் சிக்கலே. சொல்லாம இருக்கணும்னா பஸ் அங்க போகக்கூடாது. அதுக்குத்தான் இடமில்லைங்கிறாங்க."

"அவங்க இதை ஒத்துக்குவாங்களா?"

"கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. கேட்கிற விதத்துல கேட்கணும்."

கட்டுரையையும் மனுவையும் சேர்த்து அனுப்பினார். கொஞ்ச நாளில் தாலுகா அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் வைத்துப் பேச்சுவார்த்தை என்று ஆள் அனுப்பினார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்தவன் என்பதால் நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தாசில்தார் ஒரு பெண், பொறுமையானவர். டெப்போவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஒருபக்கம் அழகம்மாளும் காலனிக்காரர்களும். இன்னொரு பக்கம் ஊர்ப் பெரியவர்கள், முன்வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் காசிமாயன், பக்கத்தில் முத்திருளன். முத்திருளன் ஊரில் எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிற ஆள், காசிமாயனுக்குப் பங்காளி முறை. மகள் ஒருபக்கம், அப்பா ஒருபக்கம் உட்கார்ந்ததை அறையில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

முத்திருளன் ஆரம்பித்தார். "அய்யா... அம்மா, எங்க ஊர்ல பாகுபாடே கெடையாது. தாயா புள்ளையா இருக்கோம். பாலத்துக்கு அங்கிட்டு பஸ் திரும்ப எடமில்ல. எடமிருந்தா நாங்க ஏன் வேணாங்கப் போறோம்? ஓசி பஸ்ஸு, எங்க வேணாலும் போகட்டும்!"

சிரிப்பு எழுந்தது. தாசில்தார் கட்டுரையைப் புரட்டினார். "மேடம், நீங்க எழுதியிருக்கிறது புரியுது. ஆனா காரணம் அதுதான்னு எப்படிச் சொல்றீங்க? இவங்க இடம் இல்லைங்கிறாங்க. எனக்கு ஆதாரம் வேணும்ல?"

அழகம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மேடம், ஊர்க்காரங்களுக்கும் கஷ்டமில்லாம ஒரு வழி சொல்றேன். காலையில பஸ் வழக்கம்போல மந்தையில இருந்தே கிளம்பட்டும். சாயந்தரம் வர்ற பஸ் மட்டும் காலனி வரைக்கும் போய் ஆளை இறக்கி விட்டுட்டு மந்தைக்குத் திரும்பி வரட்டும். இதுக்கு ஊர்ல சம்மதமா?"

காசிமாயன் உடனே பதில் சொன்னார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தாராளமாப் போகட்டும். உழைச்சுக் களைச்சு வர்ற சனம். நாங்க என்ன மனுசங்க இல்லையா?"

"ஆமாமா, சாயந்தரம் போகட்டும், போகட்டும்" என்றார் முத்திருளன். பின்வரிசையிலும் தலைகள் ஆடின. பிரச்சினை முடிந்த நிம்மதி அங்கே பரவியது.

"சரிப்பா" என்றார் அக்கா. "சாயந்தரம் பஸ் அங்க எப்படித் திரும்பும்?"

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலதான். அம்புட்டு எடம் கெடக்கே" என்றார் காசிமாயன்.

"காலையில அந்த எடம் எங்கப்பா போயிருது?"

டெப்போ அதிகாரி பேனாவை மூடிவைத்தார். முத்திருளன் அடக்க முடியாமல் சொல்லியேவிட்டார்.

"அதுக்காக எங்க வீட்டுப் பொம்பளைங்க அவளுக முன்னால நின்னுக்கிட்டுப் போகணுமா?"

சொன்னபிறகு அவரே திடுக்கிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். தாசில்தார் பக்கத்திலிருந்த எழுத்தரிடம், "அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கங்க" என்றார். காலையிலும் மாலையிலும் பஸ் காலனி வரை போகும் என்று முடிவானது.

வெளியே வரும்போது முத்திருளன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "படிக்க வச்சீருல்ல? இப்பப் பாரும், பெத்த மகளே உம்ம வாயில கைய விட்டுப் புடுங்கிட்டா. ஒரு கேள்விக்குத் தாங்கலையே மாப்ள!" பங்காளியை மாப்ள என்று கூப்பிட்டது வேண்டுமென்றேதான். மற்றவர்கள் சிரித்தார்கள். காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகளைக் கடந்து, அவர் பக்கம் பார்க்காமலே போனார். அக்கா படியில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பேசுவாரு" என்றார், நான் கேட்காமலே.

பஸ் காலனியிலிருந்து கிளம்பிய முதல் நாள், நான் மாட்டுத்தாவணியில் போய் நின்றிருந்தேன். ஜன்னலோரம் அழகம்மாள் உட்கார்ந்திருந்தார், மடியில் கூடை. இறங்கியதும் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"மந்தையில நாலஞ்சு பேரு ஏறவே இல்ல தம்பி. ஷேர் ஆட்டோவுல போறாகளாம். ஏறுனவுக நின்னுக்கிட்டே வந்தாக. எனக்குத்தான் உக்காந்திருக்க முடியல. எந்திரிச்சிரலாமான்னு இருந்துச்சு. முட்டிதான் எந்திரிக்க விடல" என்று சிரித்தார்.

ஷேர் ஆட்டோ ரொம்ப நாள் ஓடவில்லை. ஓசியில் போன பஸ்ஸை விட்டுவிட்டுத் தினமும் காசு கொடுத்துப் போக யாருக்கு முடியும்? ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மழை பெய்த ஒரு காலையில், பஸ் நிறைந்திருந்தபோது, அழகம்மாளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு பெண், கடைசியில், "இந்தா, கூடையை அங்கிட்டு வையி, நான் உக்காரணும்" என்றாளாம். அழகம்மாள் கூடையை நகர்த்தினாராம். அவ்வளவுதான். அந்தப் பெண் இன்னும் அழகம்மாளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அக்கா இதையும் சேர்த்துத்தான் கட்டுரையின் கடைசிப் பகுதியை எழுதினார். தனக்குச் சாதகமானதை மட்டும் எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. தோட்டத்தை அழகம்மாள் விடவில்லை. அதையும் எழுதினார்.

எனக்குத்தான் ஒரு நெருடல் இருந்தது. அக்காவின் மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும், பெற்ற அப்பாவைச் சபையில் வைத்து அப்படிச் சிக்க வைத்திருக்க வேண்டாமே என்று பட்டது. டீக்கடையில், கரும்பு வெட்டுகிற இடத்தில், எங்கே போனாலும் காசிமாயனை ஊரில் கேலி பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். "காலையில எடம் எங்கப்பா போயிருது?" என்று சின்னப் பையன்கள்கூட அவர் பின்னால் கேட்டுவிட்டு ஓடினார்களாம். அந்தப் பொங்கலுக்கு அக்கா ஊருக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். கேள்வியைக் கேட்டது சரி, கேட்ட ஆள் சரியா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் அவர்கள் உறவில் ஒரு கல்யாணம். நான் அங்கேயே குடியிருப்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார் அக்கா. மண்டபத்தில் அவருடைய அம்மா ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். எதிர்வரிசையில் காசிமாயன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மகள் கடந்து போனபோது அவர் திரும்பவில்லை.

"இன்னும் கோவமாத்தான் இருக்காராம்மா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஒச்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவருக்கு என்ன கோவம்? அது ஊருக்குக் காட்டுறது. தாலுகா ஆபீஸ்ல பேசுறதுக்கு முந்தின நாளே போன்ல மக எல்லாத்தையும் சொல்லிட்டா தம்பி. இப்படி ஒரு கேள்வி கேட்பேன், சாயந்தரம்னு கேட்டுட்டு காலையிலன்னு கேட்பேன், தெரியாம உங்களை மாட்டிவிட்டேன்னு இருக்கக்கூடாது, நீங்க வரலைன்னாலும் சரிதாம்ப்பான்னு சொல்லிட்டா. இவரு கேட்டுக்கிட்டுப் போனை வச்சாரு. காலையில சட்டையை இஸ்திரி போடச் சொன்னாரு. போகும்போது எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு, 'நானே முந்திப் பதில் சொல்லிர்றேன். வேற எவனாச்சும் சொன்னா யோசிச்சுச் சொல்லிருவான்'னு."